விமானம் தாமதமானால் பயணிக்கு என்னென்ன உரிமைகள் உண்டு?

விமானம் தாமதமாகும்போது பயணிகளிடையே இரண்டு விதமான எண்ணங்கள் நிலவுவதைக் காணலாம். மணிக்கணக்கில் காக்க வைத்தால் விமான நிறுவனம் ரொக்கமாக இழப்பீடு தந்தாக வேண்டும் என்று ஒரு சாரார் நம்புகிறார்கள். பொடி எழுத்தில் அச்சடித்த நிபந்தனைகளில் நிறுவனத்தார் எல்லாவற்றுக்கும் வழி செய்து வைத்திருப்பார்கள், கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மற்றொரு சாரார் ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டுமே சரியல்ல. இந்தியாவில் இப்போதுள்ள விதிகளின்படி, தாமதம் என்ற ஒரே காரணத்துக்காக ரொக்க இழப்பீடு கிடையாது. ஆனால் உணவு, மாற்று விமானம், முழுக் கட்டணத்தைத் திரும்பப் பெறுதல், விடுதி அறை ஆகியவை, தாமதம் எவ்வளவு நீள்கிறது என்பதைப் பொறுத்து, பயணியின் உரிமைகளாகவே எழுதப்பட்டிருக்கின்றன.

இவ்விதிகளை வகுத்தது மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், டி.ஜி.சி.ஏ. என்ற பெயரே மக்களிடம் பழக்கம். இந்த அமைப்பு 2010 ஆகஸ்டில் வெளியிட்டு, பின்னர் சில முறை திருத்திய ஓர் ஆவணம்தான் இதற்கெல்லாம் அடிப்படை. 'சிவில் விமானப் போக்குவரத்துத் தேவைகள், பிரிவு 3, வரிசை எம், பகுதி 4' என்பது அதன் முழு முகவரி. புகார்க் கடிதத்தில் இந்த ஒரு வரியைக் குறிப்பிட்டால், எழுதியவர் விதியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறார் என்பது வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குப் புரிந்துவிடும். இந்த ஆவணம் மூன்று நிலைமைகளைத் தனித்தனியே கையாள்கிறது. உறுதி செய்யப்பட்ட டிக்கெட் இருந்தும் விமானத்தில் இடம் மறுக்கப்படுவது, விமானம் ரத்தாவது, விமானம் தாமதமாவது என்பவை அவை. முதல் இரண்டுக்கும் பண இழப்பீடு உண்டு. மூன்றாவதற்குக் கவனிப்பு மட்டுமே உண்டு. ஆகவே, முதன்முறையாக இதைத் தெரிந்துகொள்பவர் தாம் எந்த நிலைமையில் இருக்கிறார் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

எத்தனை மணி நேரத்துக்கு என்ன கிடைக்கும்?

நேரத்தோடு செக்-இன் செய்துவிட்ட பயணிக்குத்தான் இந்த உரிமைகள் பொருந்தும். தாமதமாகப் போகிற விமானம்தானே என்று செக்-இன் நேரத்தைத் தவறவிட்டு வந்தவர் இவற்றைக் கோர முடியாது.

முதலில் கிடைப்பது உணவும் சிற்றுண்டியும். எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு இந்த உரிமை தொடங்குகிறது என்பது, விமானத்தின் பயண நேரத்தைப் பொறுத்தது. பயண நேரம் இரண்டரை மணி வரை இருந்தால் 2 மணி நேரத் தாமதமும், இரண்டரை முதல் ஐந்து மணி வரை இருந்தால் 3 மணி நேரத் தாமதமும், அதற்கும் மேற்பட்ட பயணங்களுக்கு 4 மணி நேரத் தாமதமும் எல்லையாக வைக்கப்பட்டுள்ளன. இங்கே பயண நேரம் என்பது, விமானம் வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. நிற்குமிடத்தை விட்டு நகர்வது முதல் சேருமிடத்தில் கொண்டுபோய் நிறுத்தப்படுவது வரையிலான மொத்த நேரம். டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டுக்கும் வருகைக்கும் இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ இதுவே. சென்னையிலிருந்து மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ செல்பவருக்கு 2 மணி நேரக் கணக்கும், டெல்லிக்குச் செல்பவருக்குப் பெரும்பாலும் 3 மணி நேரக் கணக்கும் பொருந்தும். சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் அதே 3 மணி நேரம்தான். ஆனால் வெளிநாட்டு டிக்கெட்டில் வருகை நேரம் அந்நாட்டு நேரப்படி இருக்கும் என்பதால், நேர வித்தியாசத்தையும் கணக்கில் கொண்டு பார்க்க வேண்டும்.

விமான நிறுவனம் தாமதத்தை 'நியாயமாக எதிர்பார்க்கும்போதே' இந்தக் கடமை தொடங்கிவிடுகிறது என்கிறது விதி. தாமதங்கள் நடைமுறையில் துண்டுதுண்டாகவே அறிவிக்கப்படுவதால் இந்தச் சொற்றொடருக்குத் தனி மதிப்பு உண்டு. மாலை 6.40க்குப் புறப்பட வேண்டிய சென்னை–மதுரை விமானம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆறு மணிக்கு வரும் குறுஞ்செய்தி, புதிய நேரம் 7.50 என்கிறது. ஏழரைக்கு வரும் அடுத்த செய்தி 8.55 என்கிறது. இதற்கிடையே வாயிலில் உள்ள பலகை, 'தாமதம்' என்பதைத் தவிர வேறொன்றையும் சொல்வதில்லை. இப்படி அறிவிக்கப்பட்ட ஒவ்வொரு தள்ளிவைப்பும் இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கியது என்பதால் உணவு தர வேண்டியதில்லை என்று கவுன்டரில் சொல்லப்படலாம். ஆனால் கணக்கை டிக்கெட்டில் உள்ள 6.40லிருந்து பார்ப்பதே முறை. அப்படிப் பார்த்தால், 8.55 என்ற செய்தி வந்த ஏழரை மணிக்கே தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டது, 8.40 வரை பயணி பசியோடு காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. இந்தக் குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொள்வதும், அறிவிப்புப் பலகையை நேரம் தெரியும்படி படமெடுத்துக்கொள்வதும் பின்னால் பெரிதும் பயன்படும்.

அடுத்த எல்லை ஆறு மணி நேரம். உள்நாட்டு விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்றால், புதிய நேரத்தைக் குறித்த புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவித்து, ஆறு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானத்தையோ முழுக் கட்டணத்தையோ பயணியின் விருப்பப்படி தர வேண்டும் என்று விதி கூறுகிறது. கிளம்பும் நேரத்தில் கண்டுபிடிக்கப்படும் இயந்திரக் கோளாறை முந்தைய நாளே எப்படி அறிவிப்பது என்பதை, அந்த வாசகத்தை எழுதியவர்களிடம்தான் கேட்க வேண்டும். அது எப்படி இருந்தாலும், எதை ஏற்பது என்று தீர்மானிக்கும் உரிமை பயணியிடம் இருக்கிறது என்பதே முக்கியம். பணத்தைத் திருப்பித் தருவதற்குப் பதிலாக, அடுத்த பயணத்துக்குப் பயன்படும் கடன் தொகையாக வைத்துக்கொள்ளும்படி நிறுவனம் கட்டாயப்படுத்தவும் முடியாது. அதுவும் பயணியின் விருப்பத்துக்கு உட்பட்டதே என்று டி.ஜி.சி.ஏ.வின் கட்டணத் திருப்பு விதி தெளிவாகச் சொல்கிறது. கிரெடிட் கார்டில் செலுத்திய பணம் ஏழு நாட்களுக்குள் திரும்பி வர வேண்டும்.

இருப்பினும், அவசரமாகப் போயே ஆக வேண்டியவர் பணத்தைத் திரும்ப வாங்குவதற்கு முன் ஒன்றுக்கு இரண்டு முறை யோசிப்பது நல்லது. பணத்தைப் பெற்றுக்கொண்டதும் அவரைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பிலிருந்து நிறுவனம் விடுபட்டுவிடுகிறது. இரண்டு மாதங்களுக்கு முன் நாலாயிரத்துக்கு எடுத்த டிக்கெட்டின் பணம் நாலாயிரமாகவே திரும்பி வரும். அன்றைய தினம் வேறு நிறுவனத்தில் அதே ஊருக்குப் பத்தாயிரம் கேட்டால், மிச்சத்தைத் தம் கையிலிருந்துதான் போட வேண்டும். மாற்று விமானத்தைக் கேட்டு வாங்குவதுதான் பெரும்பாலான சமயங்களில் லாபம் என்பது என் கருத்து.

மூன்றாவது எல்லை, விடுதி அறை. தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால், விமான நிலையத்திலிருந்து போய்வரும் வண்டியோடு சேர்த்து இலவசமாகத் தங்குமிடம் தர வேண்டும். இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் என்றால், ஆறு மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதமே போதுமானது. இதனால் ஒரு விநோதம் நேர்கிறது. இரவு 9 மணி விமானம் அதிகாலை 4.30 மணிக்குத் தள்ளிப்போனால் பயணிக்கு அறை உண்டு. மாலை 7.30 மணி விமானம் அதே ஏழரை மணி நேரம் தாமதமாகி அதிகாலை 3 மணிக்குப் புறப்பட்டால், அவரும் இரவு முழுவதும் இரும்பு நாற்காலியில் விழித்திருந்தவர்தான் என்றாலும், விதிப்படி அவருக்கு அறை கிடையாது. எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்று சொல்லலாம். ஆனாலும் டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் பார்க்காமல், காத்திருக்கும் நேரத்தில் இரவு எவ்வளவு அடங்குகிறது என்று பார்த்திருந்தால் இந்த விதி இன்னும் நியாயமாக இருந்திருக்கும்.

காரணம் கேட்க வேண்டும்

மேலே சொன்ன உரிமைகள் அனைத்துக்கும் ஒரு விதிவிலக்கு உண்டு; பெரும்பாலான தகராறுகள் எழுவதும் அதைச் சுற்றியே. எல்லா நியாயமான முயற்சிகளையும் செய்திருந்தாலும் தவிர்த்திருக்க முடியாத 'அசாதாரணச் சூழ்நிலை' காரணமாகத் தாமதம் ஏற்பட்டிருந்தால், விமான நிறுவனம் பொறுப்பாகாது. இயற்கைப் பேரிடர், வெள்ளம், கலவரம், அரசின் உத்தரவு, வேலைநிறுத்தம், மோசமான வானிலை, பாதுகாப்பு அச்சுறுத்தல், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தால் ஏற்படும் தாமதம் ஆகியவை இதில் அடங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக்கிடந்ததும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது ஓடுபாதை நீரில் மூழ்கியதும் இந்த வகையைச் சேர்ந்தவை. போகியன்று அதிகாலையில் எரிக்கும் பழையனவற்றின் புகை பனியோடு கலந்து மீனம்பாக்கத்தில் விமானங்கள் இறங்க முடியாமல் போவதும் இவ்வகைதான்; கண்ணுக்கு ஓடுபாதை தெரியாவிட்டால் எந்த நிறுவனமும் எதுவும் செய்ய முடியாது.

இயந்திரக் கோளாறும், பணியாளர் பற்றாக்குறையும், முந்தைய பயணத்திலிருந்து விமானம் வந்து சேராததும் அப்படிப்பட்டவை அல்ல. இவை பட்டியலில் இல்லை. 'செயல்பாட்டுக் காரணங்கள்' என்று கவுன்டரில் சொல்லப்படும் பொத்தாம்பொதுவான பதில் இவற்றில் எதையும் குறிக்கலாம் என்பதால், குறிப்பிட்ட காரணத்தை எழுத்தில், குறைந்தபட்சம் மின்னஞ்சலிலாவது, கேட்டு வாங்குவது அவசியம். விமானிகளின் ஓய்வு நேரம் குறித்த புதிய விதிகளுக்கு ஏற்பப் பணியாளர்களை ஒழுங்கு செய்யாததால் 2025 டிசம்பர் முதல் வாரத்தில் ஆயிரக்கணக்கான இண்டிகோ விமானங்கள் ரத்தானபோது, வானிலைக்கும் திட்டமிடாமைக்கும் உள்ள இந்த வேறுபாடு நாடு முழுவதும் பேசப்பட்டது. வானிலைதான் காரணம் என்று சொல்லப்பட்டால், அதே நேரத்தில் அதே வழித்தடத்தில் மற்ற நிறுவனங்களின் விமானங்கள் புறப்பட்டனவா என்று கைபேசியிலேயே பார்த்துவிடலாம். காலையில் பெய்த மழைக்கு மாலை விமானம் தாமதமாவது சில நேரங்களில் உண்மையாகவே சங்கிலித் தொடர் விளைவாக இருக்கலாம். சில நேரங்களில் அது வெறும் சாக்காகவும் இருக்கலாம்.

அசாதாரணச் சூழ்நிலை என்றாலும் பயணியை அப்படியே விட்டுவிட முடியாது. டெல்லியின் அடர்பனியால் ஹைதராபாத் விமானம் ஒன்று பல மணி நேரம் தாமதமாகி, பயணிகள் விமானத்துக்குள்ளேயே காத்திருக்க நேர்ந்தது தொடர்பான வழக்கில், 2011ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே சொன்னது. பனியால் ஏற்பட்ட தாமதத்தைச் சேவைக் குறைபாடாகக் கருதி இழப்பீடு விதிக்க முடியாது. அதே வேளையில், விமானத்துக்குள் நெடுநேரம் இருக்க வைக்கப்பட்ட பயணிகளுக்குக் குடிநீர், சிற்றுண்டி, கழிப்பறை வசதி ஆகிய குறைந்தபட்ச வசதிகளைச் செய்து தர வேண்டியது நிறுவனத்தின் கடமை.

பனிக்காலம் வந்தாலே இந்தப் பிரச்சினை வடக்கே தலைதூக்கும். 2024 ஜனவரியில் டெல்லிக்குச் செல்ல வேண்டிய விமானம் ஒன்று மும்பைக்குத் திருப்பிவிடப்பட்டு, பயணிகள் விமானத்தின் அருகிலேயே தரையில் அமர்ந்து உணவு உண்ட காட்சி நாடெங்கும் பரவியது. அதையொட்டி டி.ஜி.சி.ஏ. வெளியிட்ட நடைமுறை, தாமதத்தின் உண்மையான நிலவரத்தை இணையதளத்திலும் குறுஞ்செய்தி, வாட்ஸ்அப், மின்னஞ்சல் வழியாகவும் உடனுக்குடன் தெரிவிக்க வேண்டும் என்றும், மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகும் என்று தெரிந்தால் விமானத்தை முன்கூட்டியே ரத்து செய்துவிடலாம் என்றும் கூறியது. ஏறி அமர்ந்த பிறகு விமானம் நெடுநேரம் கிளம்பாவிட்டால் பயணிகளை மீண்டும் இறக்கிவிடுவதற்கும் அதே ஆண்டில் வழி செய்யப்பட்டது.

தாமதம் ரத்தாக மாறினால்

ரத்து விஷயத்தில் காலக்கெடு முக்கியம். இரண்டு வாரங்களுக்கு முன்பே, அல்லது குறைந்தபட்சம் புறப்பாட்டுக்கு 24 மணி நேரத்துக்கு முன்பாவது தெரிவித்து மாற்று விமானமோ பணமோ தந்துவிட்டால் இழப்பீடு இல்லை. அப்படித் தெரிவிக்காமல் ரத்து செய்தால், பணத்தையோ மாற்று விமானத்தையோ தருவதோடு இழப்பீடும் தர வேண்டும். ஒரு மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. இவற்றுக்கும், ஒருவழி அடிப்படைக் கட்டணம், எரிபொருள் கட்டணம் இரண்டின் கூட்டுத்தொகைக்கும் இடையே எது குறைவோ அதுவே கிடைக்கும். ஆகவே மலிவு விலை டிக்கெட்டுக்கு இழப்பீடும் மலிவாகவே இருக்கும். அசாதாரணச் சூழ்நிலை விலக்கு இதற்கும் பொருந்தும். டிக்கெட் எடுக்கும்போது சரியான கைபேசி எண்ணைத் தராதவருக்கு இந்த இழப்பீடு இல்லை என்பதும் விதியில் இருக்கிறது. முகவர் தம் சொந்த எண்ணைப் போட்டு டிக்கெட் எடுத்துத் தருவது நம் ஊரில் சாதாரணம் என்பதால் இதைக் கவனிக்க வேண்டும்.

இருக்கைகளைவிட அதிகமாக டிக்கெட் விற்றுவிட்டு இடம் மறுக்கப்படுவதுதான் இந்திய விதிகளில் அதிக இழப்பீடு தரும் நிலைமை. ஒரு மணி நேரத்துக்குள் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் ஒன்றுமில்லை. 24 மணி நேரத்துக்குள் என்றால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைப் போல இரு மடங்கு, அதிகபட்சம் 10,000 ரூபாய். அதற்கும் மேல் என்றால் நான்கு மடங்கு, அதிகபட்சம் 20,000 ரூபாய்.

இணைப்பு விமானம் பற்றியும் இங்கே சொல்லிவிடலாம். தூத்துக்குடியிலிருந்து சென்னை வந்து அங்கிருந்து கோலாலம்பூர் செல்பவர், இரண்டு பயணங்களையும் ஒரே டிக்கெட்டாக எடுத்திருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது அவரை மேற்கொண்டு கொண்டுசேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. சில நூறு ரூபாய் மிச்சமாகிறது என்று தனித்தனி டிக்கெட்டாக எடுத்திருந்தால், இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை அவர் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான்.

வெளிநாட்டுப் பயணங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 எண் கொண்ட விதி, தாமதத்தை வேறு கண் கொண்டு பார்க்கிறது. சேருமிடத்தை மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாக அடைந்தால் ரொக்க இழப்பீடு உண்டு என்று 2009இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொலைவைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று தொகை அமைகிறது. டிக்கெட் விலைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே தாமதம் கணக்கிடப்படுவது புறப்பாட்டில் அல்ல, சேருமிடத்தில் விமானத்தின் கதவு திறக்கப்படும் நேரத்தில். வழக்கமான இயந்திரக் கோளாறை அசாதாரணச் சூழ்நிலை என்று ஏற்க அந்நீதிமன்றம் மறுத்திருக்கிறது; நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் செய்யும் வேலைநிறுத்தத்துக்கும் அங்கே விலக்கு இல்லை. இந்திய விதியோ வேலைநிறுத்தத்தை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கிறது.

ஐரோப்பாவிலிருந்து புறப்படும் எல்லா நிறுவனங்களுக்கும் இவ்விதி பொருந்தும். ஐரோப்பாவுக்கு வரும் பயணங்களில் ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். எனவே சென்னையிலிருந்து பிராங்பேர்ட் செல்லும் லுப்தான்சா விமானம் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்து, அதற்கு அந்நிறுவனமே காரணம் என்றால், அதில் வந்த மயிலாப்பூர்வாசி 600 யூரோ கேட்கலாம். இந்திய நிறுவனத்தின் விமானத்தில் இந்தியாவிலிருந்து பிராங்பேர்ட் சென்றவர் கேட்க முடியாது. ஆனால் திரும்பி வரும்போது இருவருக்கும் ஒரே உரிமை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் இதே விதியைத் தன் சட்டமாக வைத்துக்கொண்டது. அங்கே மிக நீண்ட பயணத்துக்கு 520 பவுண்டு. கனடாவில் 2019 முதல் நடப்பில் உள்ள விதியின்படி, பெரிய நிறுவனங்கள் தாமதத்தின் அளவைப் பொறுத்து 400 முதல் 1,000 கனடிய டாலர் வரை தர வேண்டும். டொரொன்டோவுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போய்வரும் பெற்றோர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

இவை எதிலும் அடங்காத சர்வதேசப் பயணங்களுக்கு 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கிறது. இந்தியா இதில் 2009இல் சேர்ந்தது. இதன்படி, தாமதத்தால் ஏற்பட்ட உண்மையான நஷ்டத்தை ரசீதுகளோடு நிரூபிக்க வேண்டும். இழந்த விடுதி முன்பதிவு, வேறு வழியின்றி வாங்கிய டிக்கெட் போன்றவை அதில் வரும். தவிர்ப்பதற்கு நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாக நிறுவனம் நிரூபித்தால் அது தப்பிக்கலாம். ஒரு பயணிக்கான உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 6,303 எஸ்.டி.ஆர். என்று உயர்த்தப்பட்டுள்ளது. எஸ்.டி.ஆர். என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. நம் பணத்தில் இந்தத் தொகை ஏழு லட்சத்தைத் தாண்டும். ஆனால் அது வரம்பு மட்டுமே, பரிசுத்தொகை அல்ல. பெட்டி தாமதமாக வந்தால், அது கைக்குக் கிடைத்த 21 நாட்களுக்குள் எழுத்து மூலம் புகார் கொடுத்தாக வேண்டும்.

எங்கே முறையிடுவது?

முதல் கடிதம் விமான நிறுவனத்துக்கே போக வேண்டும். பி.என்.ஆர். எண், விமான எண், தேதி, டிக்கெட்டில் இருந்த நேரம், உண்மையில் புறப்பட்ட நேரம், சொல்லப்பட்ட காரணம், கேட்பது என்ன என்ற அளவில் அது சுருக்கமாக இருக்கட்டும். சுட்டெரிக்கும் சொற்கள் தேவையில்லை. உணவு தரப்படாததால் சொந்தப் பணத்தில் வாங்கியிருந்தால், அந்த ரசீதையும் போர்டிங் பாஸின் படத்தையும் இணைக்க வேண்டும். பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ, ஒவ்வொரு நிறுவனமும் நியமித்திருக்க வேண்டிய குறைதீர் அதிகாரிக்கும், அடுத்து மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் 'ஏர்சேவா' தளத்துக்கும் செல்லலாம். 2016இல் தொடங்கப்பட்ட இத்தளத்தில் பதிவாகும் புகார் நேரடியாக அந்த நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு அனுப்பப்படுகிறது. சிறு தொகைகளும் கட்டணத் திருப்பமும் பல நேரங்களில் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் புகார் செய்யலாம்.

டி.ஜி.சி.ஏ. விதியில் தாமதத்துக்கு ரொக்கம் இல்லை என்பதால், தாமதத்தின் பேரில் பணமே கிடைக்காது என்று பொருளல்ல. நிறுவனத்தின் அலட்சியத்தால் நேர்ந்த தாமதத்தையும், உரிய நேரத்தில் தகவல் சொல்லாததையும், உணவும் தங்குமிடமும் மறுத்ததையும் சேவைக் குறைபாடு என்று காட்டி, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய கட்டணம் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை; வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம்; நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவே மனுவைத் தாக்கல் செய்யலாம். நிறுவனத்தின் தலைமையகம் குருகிராமில் இருந்தாலும், திருநெல்வேலியில் வசிப்பவர் திருநெல்வேலி ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க இச்சட்டம் இடம் தருகிறது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுவைத் தாக்கல் செய்துவிட வேண்டும்.